மரக்குழல் வைத்தியர் லயெனெக்



உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ கர்ப்பவதியாயிருந்தால் மாதந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவாள். அங்கே நர்சு அம்மாள் அவளைப் படுக்க வைத்து, வயிற்றின்மேல் எக்காளம் போன்ற ஒரு சிறு குழலை ஊன்றித் தன் காதைக் கொடுப்பாள். வசதியுள்ள இடமானால் குளிர்ந்த பசை தடவி, கையடக்கமான ஒரு கருவியை வைப்பாள். உடனே குதிரைக்குட்டி ஓடுவது போல டக் டக்கென்று ஒரு சத்தம் அறை முழுவதும் கேட்கும். தாயின் முகம் மலரும். ஊசி குத்தவில்லை, கத்தி படவில்லை, தாய்க்கும் சேய்க்கும் ஒரு நோவும் இல்லை. ஆயினும் இன்னும் பூமியைக் காணாத ஒரு ஜீவன், தான் உயிரோடிருக்கும் செய்தியை வெளியே சொல்லிவிட்டது.

ஆதிமுதல் பெண்கள் பிள்ளை பெற்றுத்தான் வருகிறார்கள். ஆனால் இந்தச் சத்தத்தை வைத்தியர்கள் முறையாகக் கேட்கத் தொடங்கி இருநூறு வருஷத்துக்குச் சற்றே அதிகமாகிறது. அதற்கு வழி திறந்தவர் பிரான்சு தேசத்து வைத்தியர் ரெனே லயெனெக் என்பவர். நம் திருச்சபையின் பக்தியுள்ள மகன். எல்லா வைத்தியர் கழுத்திலும் தொங்குகிற ஸ்டெதஸ்கோப்புக்குத் தகப்பன் அவரே என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவருடைய குழல் தாயின் வயிற்றுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை அநேகர் அறியார்கள். அதைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பிரான்சின் மேற்கு முனையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிரித்தானி என்னும் நாட்டுப்புறம் உண்டு. அங்குள்ள ஜனங்களுக்குப் பிரெஞ்சு அல்லாத ஒரு சொந்த மொழி. விசுவாசத்தில் உறுதியானவர்கள் என்று பேர் பெற்றவர்கள். அந்தப் பிரித்தானியில் கேம்பேர் என்ற நகரில் 1781-ஆம் வருஷம் பெப்ருவரி 17-ஆம் தேதி லயெனெக் பிறந்தார். தகப்பனார் வக்கீல், கவிபாடுவதில் உள்ள அக்கறை பிள்ளைகளை வளர்ப்பதில் அவருக்கு இல்லை. ஐந்து வயதிலேயே ரெனே தன் தாயைப் பறிகொடுத்தான். காசநோய் என்றார்கள். அந்த நோயின் பேரை மறந்துவிடாதேயுங்கள். இந்தச் சரித்திரம் முழுவதும் அது நிழல்போலக் கூடவே வரும்.

தாயற்ற பிள்ளைகளைத் தகப்பனார் உறவினரிடம் அனுப்பிவிட்டார். 1788-இல் ரெனேயும் அவன் தம்பியும் நாந்த் நகரத்தில் வைத்தியராயிருந்த சிற்றப்பாவின் வீடு சேர்ந்தார்கள். இந்தச் சிற்றப்பா நல்ல மனிதர், படித்தவர். தகப்பன் செய்யத் தவறியதை அவர் செய்தார். ஆனால் காலம் கொடியது. மறு வருஷமே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. நாந்த் நகரத்தில் நடந்த கொடுமை சரித்திரத்தில் பேர் போனது. 1793 நவம்பரில் ஏறக்குறைய தொண்ணூறு குருக்களைப் படகில் அடைத்து லுவார் நதியில் மூழ்கடித்தார்கள். தொடர்ந்து பெண்களும் பிள்ளைகளும் அதே கதிக்கு ஆளானார்கள். தலைவெட்டும் இயந்திரம் நின்ற சதுக்கத்தின் ஓரத்திலேயே சிற்றப்பாவின் வீடு இருந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் ஜன்னலைத் திறந்தால் என்ன காண்பான் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சிற்றப்பாவையும் சில காலம் சிறையில் வைத்தார்கள்.

பதினாலாம் வயதிலேயே ரெனே சிற்றப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயங்களுக்குக் கட்டுப் போடப் பழகினான். வைத்தியம் படிக்கவேண்டும் என்று ஆசை. தகப்பனாரோ பணம் கொடுப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் 1801-இல் பாரீஸ் நகரம் போய்ச் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில், 1803-இல், வைத்தியத்திலும் இரண சிகிச்சையிலும் முதற்பரிசுகள் இரண்டும் அவருக்கே கிடைத்தன. குட்டையான, மெலிந்த தேகம், மூச்சு வாங்கும். நெப்போலியனுக்கு வைத்தியரான கோர்விசார் என்பவரே அவருடைய ஆசிரியர். நோயாளியின் மார்பில் விரலால் தட்டி, எழும் ஓசையைக்கொண்டு உள்ளேயிருப்பதை அறியும் வித்தையை அவரிடமே கற்றார். வேலையற்ற நேரத்தில் லயெனெக் புல்லாங்குழல் வாசிப்பார். கடைசல் பட்டறையில் மரம் கடைவார். இந்த இரண்டு பழக்கமும் பின்னால் அவருக்கு உதவிற்று என்று எண்ணுகிறேன். ஓசையைப் பகுத்தறியக் காதும் வேண்டும், குழல் செய்யக் கையும் வேண்டும் அல்லவா?

அக்காலத்துப் பாரீஸ் மாணாக்கருக்குள் கோயிலுக்குப் போவது பரிகாசத்துக்குரிய காரியமாயிருந்தது. புரட்சியில் வளர்ந்த தலைமுறை அது. லயெனெக்கும் சில காலம் விசுவாசத்தில் குளிர்ந்துதான் இருந்தார். 1803-இல் முழு மனதோடு திரும்பி வந்து, பழைய சேசுசபைக் குரு ஒருவர் வாலிபருக்காக நடத்திய மாதா சபையில் சேர்ந்தார். அதற்குப்பின் ஆயுள் முழுவதும் மாறவில்லை. அவரைப்பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். பிற்காலத்தில் ஒருமுறை மனைவியோடு வண்டியில் பயணம் போகையில் இருவரும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்களாம். வண்டி குடைசாய்ந்தது. எல்லாரும் எழுந்து, வண்டியைத் தூக்கி நிறுத்தி, மறுபடி ஏறி உட்கார்ந்ததும், எந்த மணியில் விட்டோம் என்று கேட்டு அங்கிருந்தே தொடர்ந்தாராம்.

1814-இல் நெப்போலியனுடைய யுத்தத்தில் காயப்பட்ட போர்ச்சேவகர் பாரீசுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பிரித்தானி வாலிபர் பலர், பிரெஞ்சு தெரியாதவர்கள். தங்கள் நோயைச் சொல்ல நாவில்லாதவர்போலக் கிடந்தார்கள். லயெனெக் அவர்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கச் செய்து, அவர்களுடைய தாய்மொழியில் பேசி வைத்தியம் பார்த்தார். நோயாளி தன் வாயால் சொல்ல முடியாததை வைத்தியன் எப்படி அறிவது? இந்தக் கேள்வி அவரைவிட்டு நீங்கவேயில்லை என்பது என் எண்ணம்.

காசநோய் மறுபடியும் வந்தது. 1810-இல் கூடப் பிறந்த தம்பியைக் கொண்டுபோயிற்று. 1816-இல் அவருக்கு உற்ற நண்பரும், அந்த நோயைப்பற்றியே ஆராய்ந்து நூல் எழுதியவருமான வைத்தியர் பெய்லையும் கொண்டுபோயிற்று. அதே 1816-இல் லயெனெக் பாரீசின் நெக்கெர் ஆஸ்பத்திரிக்கு வைத்தியராக நியமிக்கப்பட்டார்.

அங்கே ஒரு நாள் இருதய நோயின் குறிகளோடு ஒரு வாலிபப் பெண் வந்தாள். உடல் பருத்தவள், தட்டிப் பார்த்ததில் ஒன்றும் விளங்கவில்லை. மார்பில் நேரே காது வைத்துக் கேட்கலாம். சில வைத்தியர்கள் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அவளோ இளம்பெண். அது தகாது என்று எண்ணினார். அப்பொழுது அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நீண்ட உத்தரத்தின் ஒரு முனையில் குண்டூசியால் சுரண்டினால் மறு முனையில் காது வைத்தவனுக்கு அது தெளிவாய்க் கேட்கும். லூவ்ர் அரண்மனை முற்றத்தில் சிறுவர் இப்படி விளையாடுவதை அவர் கண்டார் என்று பிற்காலத்தார் சொல்வதுண்டு. அவரோ தமது நூலில் அந்த ஓசையின் தன்மையை மாத்திரம் குறித்தார், சிறுவரைக் குறிக்கவில்லை. எப்படியானாலும், உடனே ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறு முனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காது வைத்துக் கேட்பதைவிட இருதயத் துடிப்பு அதிகத் தெளிவாகக் கேட்டது!

பாருங்கள், ஒரு பெண்ணின் மானத்தைக் காக்கவேண்டும் என்ற கூச்சத்திலிருந்து பிறந்த கருவி அது. சில நூலாசிரியர்கள் இதை வேடிக்கைபோல எழுதுகிறார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

காகிதத்தை விட்டு மரத்துக்கு வந்தார். தாமே கடைந்தார். ஏறக்குறைய ஒரு அடி நீளம், நடுவில் துளை, இரண்டாகக் கழற்றும்படி அமைந்த உருளை. அதற்குப் பெரிய பேர் ஒன்றும் வைக்க அவருக்கு மனமில்லை. உருளை என்றே சொல்லிவந்தார். மற்றவர்கள் கண்டபடி பேர் வைக்கவே, மார்பை ஆராய்வது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஸ்டெதஸ்கோப் என்றார். மூன்று வருஷம் நோயாளிகளின் மார்பைக் கேட்டு, இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்து, இன்ன சத்தத்துக்கு இன்ன நோய் என்று ஒப்பிட்டு எழுதினார். 1819-இல் அந்த நூல் இரண்டு பாகமாக வெளிவந்தது. நூலை வாங்குகிறவர் விரும்பினால் சற்று அதிகம் கொடுத்து மரக்குழல் ஒன்றையும் வாங்கிக்கொள்ளலாம். சரீரம் தளர்ந்துபோனபடியால் பாரீசை விட்டுப் பிரித்தானிக்குப் போய், கெர்லுவார்னெக் என்ற தமது பண்ணைவீட்டில் இரண்டு வருஷம் தங்கினார்.

இனி நம்முடைய காரியத்துக்கு வருவோம். அந்த இரண்டு பாகத்தில் மார்பின் சத்தமெல்லாம் இருந்தது. தாயின் வயிற்றைப்பற்றி ஒன்றுமில்லை.

அக்காலத்தில் கருவிலுள்ள குழந்தையைப்பற்றி வைத்தியர்கள் எவ்வளவு அறிந்திருந்தார்கள்? மிகக் கொஞ்சம். குழந்தை அசைகிறது என்று தாய் சொன்னால் உயிரோடிருக்கிறது, சொல்லாவிட்டால் சந்தேகம். அடுத்தபடி, வயிற்றில் கைவைத்துப் பார்ப்பது. அவ்வளவுதான். சாதாரணப் பிரசவத்தில் இதனால் பெரிய கேடு இல்லை. பிரசவம் தடைப்பட்டு, இரண்டு நாள் மூன்று நாள் என்று தாய் வேதனைப்படும்போதோ பயங்கரமான கேள்வி எழும். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தால் அக்காலத்தில் தாய் பிழைப்பது அபூர்வம். குழந்தை இறந்துவிட்டிருந்தால், அதை எவ்விதத்திலாவது, துண்டித்தாவது, வெளியே எடுத்துத் தாயைக் காப்பாற்றலாம். உயிரோடிருக்கும் குழந்தையை அப்படிச் செய்வதோ கொலை. ஆனால் அது உயிரோடிருக்கிறதா இல்லையா? தாய் களைத்துப்போய் அசைவை உணரும் நிலையில் இல்லை. வைத்தியர் சொன்ன குறிகளோ ஒன்றும் நிச்சயமில்லை. இறந்தது என்று எண்ணி ஆயுதத்தைப் போட்டபின் குழந்தை அழுததும் உண்டு. உயிரோடிருக்கிறது என்று எண்ணித் தாயைக் கீறி, இறந்த பிள்ளையை எடுத்ததும் உண்டு. பெற்றவளும், வைத்தியரும், கதவுக்கு வெளியே நிற்கும் கணவனும், வரவழைக்கப்பட்ட குருவும் எல்லாரும் இருட்டிலே நின்றார்கள்.

குருக்களுக்கு இதில் தனிக் கவலை இருந்தது. 1745-இல் சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்தில் கஞ்சமீலா என்ற குருவானவர் பிறவாத குழந்தைகளின் ஆத்தும இரட்சணியத்தைப்பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். தாய் இறந்தால் தாமதமின்றிக் குழந்தையை எடுத்து ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். ஆனால் அவருக்கும் உள்ளே இருப்பதை அறிய வழியில்லை.

முன்னமே ஒருவருமே கேட்கவில்லையோ என்றால், கேட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் மார்சாக் என்ற வைத்தியர், கருவிலிருக்கும் குழந்தையின் இருதயம் மாவாலையின் தட்டுக்கட்டைபோலச் சத்தம் செய்வதாகச் சொன்னார். அவரோடு தொழில் செய்தவரே அதைப் பாட்டாக எழுதிக் கேலிசெய்தார். கேலியினால் புதைந்துபோன உண்மைகள் எத்தனையோ! 1818-இல் ஜெனீவா நகரத்து இரண சிகிச்சையாளர் மாயோர் என்பவர், பிரசவகாலம் கிட்டின பெண்ணின் வயிற்றில் காது வைத்தால் குழந்தையின் இருதயம் தாயின் நாடிக்கு வேறாகக் கேட்கிறது, அதனால் அது உயிரோடிருப்பதை அறியலாம் என்று கண்டார். அந்தச் செய்தி ஒரு பத்திரிகையின் மூலையில் சில வரிகளாக வந்து, யாரும் கவனியாமல் போயிற்று.

லயெனெக்குக்குக் கெர்கராதெக் என்ற நண்பர் இருந்தார். அவரும் பிரித்தானிக்காரர், 1787-இல் பிறந்தவர், அவரும் பக்தியுள்ள கத்தோலிக்கர். நண்பருடைய நூலை வாசித்து, மரக்குழலை எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார். பிரசவத்துக்குச் சமீபமான ஒரு பெண்ணின் வயிற்றில் குழலை வைத்தார். அவர் தேடியது வேறு: குழந்தை அசையும்போது அதைச் சூழ்ந்த நீர் சளசளக்குமே, அந்தச் சத்தம் கேட்குமா என்று பார்த்தார். அது கேட்கவில்லை. பக்கத்தில் யாரோ கடிகாரத்தை வைத்தாற்போல டிக் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. குழலை எடுத்தால் சத்தம் இல்லை, வைத்தால் இருக்கிறது. எண்ணிப் பார்த்தார். நிமிஷத்துக்கு 143 முதல் 148 வரை. தாயின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினார். அது ஏறத்தாழப் பாதியே. ஆகையால் இது தாயுடைய இருதயமல்ல. அப்படியானால் யாருடையது?

பிரியமானவர்களே, அந்த நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே உடலில் இரண்டு இருதயம். இரண்டும் தனித்தனிக் கணக்கில் அடிக்கிறது. கருவிலிருப்பது தாயின் ஒரு உறுப்பல்ல, வேறொரு ஆள் என்று வேதசாஸ்திரிகள் வாதித்து வந்ததை அவர் விரலும் காதும் ஒருங்கே கண்டன.

1821 டிசம்பர் மாதத்தில் பாரீஸ் வைத்தியக் கழகத்தின் முன் கெர்கராதெக் இதை வாசித்தார். மறு வருஷம் சிறு நூலாக அச்சிட்டார். அவர் யோசித்த தூரம் நம்மை ஆச்சரியப்படுத்துகிறது. கர்ப்பமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இதனால் தீரும். இரட்டைப் பிள்ளைகளானால் இரண்டு இருதயம் கேட்கும். குழந்தை எப்படிப் படுத்திருக்கிறது என்று சத்தம் கேட்கும் இடத்தைக்கொண்டு சொல்லலாம். இருதயத்தின் வேகமும் பலமும் மாறுவதைக்கொண்டு கருவிலிருக்கும் பிள்ளையின் ஆரோக்கியத்தையும் அறியக்கூடாதா என்று கேட்டார். இந்தக் கடைசிக் கேள்வியின்மேல்தான் இன்றைக்குள்ள பரிசோதனை முழுவதும் நிற்கிறது. பிரசவம் பார்ப்பதில் பேர் வாங்கிய பெரிய வைத்தியர் சிலர் அவரை நம்பவில்லை. கேட்டுப் பார்த்தோம், ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். பழகாத காதுக்குக் கேட்பது கடினம் என்பது உண்மையே. பத்து வருஷம் கழித்து, 1831-இல், போல் துபுவா என்ற பேர்பெற்ற பிரசவ வைத்தியர் கழகத்துக்கு அறிக்கை கொடுத்தபிறகுதான் சந்தேகம் அடங்கிற்று.

லயெனெக் என்ன செய்தார்? கருவி அவருடையது. முறை அவருடையது. பேரும் அவருடையது. இதுவும் என்னுடையதே, சொல்ல நேரமில்லாமல் விட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் உலகம் நம்பியிருக்கும். அவர் அப்படி எழுதவில்லை. 1826-இல் தமது நூலை முழுவதும் திருத்தி இரண்டாம் பதிப்பாக வெளியிட்டபோது, கர்ப்பத்தைப்பற்றி ஒரு பகுதி சேர்த்தார். இப்படிக் கேட்கலாம் என்ற எண்ணம் தமக்கு வரவேயில்லை என்றும், இந்த நல்ல யோசனை தம் நாட்டவரும் நண்பருமான கெர்கராதெக்குக்கே உரியது என்றும் வெளிப்படையாக எழுதிவைத்தார்.

இதைக்கொண்டு அவர் எல்லாரிடமும் சாந்தமாயிருந்தார் என்று எண்ணவேண்டாம். புருசே என்ற வைத்தியரோடு அவர் நடத்திய சண்டை பிரசித்தம். இரண்டு பேரும் எழுத்தில் ஒருவரையொருவர் விட்டுவைக்கவில்லை. அரச கட்சியில் உறுதியானவர். 1822-இல் அரசாங்கம் பாரீஸ் வைத்திய சர்வகலாசாலையை மூடி, தனக்குப் பிடிக்காத பேராசிரியர் பலரை நீக்கி, மறு வருஷம் புதிதாகத் திறந்தபோது லயெனெக்குக்கு அங்கே பதவி கிடைத்தது. நீக்கப்பட்டவர்களின் நண்பர் அதை மன்னிக்கவில்லை. அவர்கள் மனவருத்தத்தில் நியாயமும் உண்டு. நம்மவர் என்பதற்காக இதை மறைப்பது சரியல்ல. இப்படிப்பட்ட கோபக்காரர் ஒருவர், தமக்கு வரக்கூடிய புகழைத் தாமாக நண்பருக்குக் கொடுத்தார் என்பதனாலேயே அது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

அந்தச் சத்தம் அப்பால் போன வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1833-இல் டப்ளின் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி வைத்தியர் கென்னடி இதைப்பற்றித் தனி நூல் எழுதினார். 1895-இல் பாரீசில் பினார் என்ற வைத்தியர் வயிற்றில் படியத்தக்க அகன்ற வாயுள்ள குட்டைக் குழலை அமைத்தார். உங்கள் நர்சு அம்மாள் கையிலிருப்பது அதன் வம்சமே. 1906-இல் ஜெர்மனியில் கிரேமர் என்பவர் குழந்தையின் இருதயம் எழுப்பும் மின்னலைகளைத் தாயின் உடலிலிருந்து பதிவுசெய்தார். 1960-களில் டாப்ளர் கருவி வந்தது. ரயில்வண்டி நம்மை நோக்கி வருகையில் அதன் ஊதல் உயர்ந்தும், கடந்து போகையில் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? அந்த விதியை 1842-இல் டாப்ளர் என்ற ஆஸ்திரியப் பேராசிரியர் விளக்கினார். நம் காதுக்கு எட்டாத ஒலியைக் கருவி உள்ளே அனுப்புகிறது. துடிக்கும் இருதயத்தில் பட்டுத் திரும்பும்போது அந்த ஒலி மாறுகிறது. அந்த மாற்றத்தையே நமக்குச் சத்தமாகக் கொடுக்கிறது. அதனால் கருவியில் நீங்கள் கேட்பது இயந்திரம் செய்து தரும் சத்தம். குழலில் நர்சு அம்மாள் கேட்பதுதான் இருதயத்தின் சொந்தச் சத்தம். டாப்ளர் மூன்றாம் மாத முடிவிலேயே பிடித்துவிடும். குழலுக்கு ஐந்தாம் மாதமாவது ஆகவேண்டும். நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் சரி என்பார்கள். தலை கீழே திரும்பியிருக்கும் குழந்தைக்குச் சத்தம் தொப்புளுக்குக் கீழேயும், பிட்டம் கீழே இருக்கும் குழந்தைக்கு மேலேயும் நன்றாய்க் கேட்கும். குழந்தையின் முதுகுப்புறமே ஓசையை நன்றாய்க் கடத்துகிறது.

கெர்கராதெக் ஒரு கையால் தாயின் நாடியைப் பிடித்தாரே, அதைத் தேர்ந்த நர்சுகள் இன்றும் விடுவதில்லை. கருவி சிலவேளை தாயின் துடிப்பையே பிடித்துக் காட்டிவிடும். இதனாலேயே, கடையில் வாங்கிய சிறு டாப்ளரை வீட்டில் வைத்துக்கொண்டு, சத்தம் கேட்டது, பிள்ளை நலம் என்று தேறியிருப்பது ஆபத்து. குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் கருவியைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இராத்திரியானாலும் போங்கள். பிரசவ அறையில் தாயின் வயிற்றில் பட்டை கட்டி, காகிதத்தில் இருதயக் கோட்டை ஓயாமல் வரையும் இயந்திரமும் உண்டு. சி.டி.ஜி. என்பார்கள். ஆபத்துள்ள பிரசவத்தில் அதை வைப்பார்கள். மற்றபடி, சுகமான தாய்க்கு இடையிடையே குழலாலோ டாப்ளராலோ கேட்டாலே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொல்லிற்று. இயந்திரத்தை ஓயாமல் வைத்ததில் வயிற்றைக் கீறும் சிகிச்சைதான் கூடிற்று என்பது ஆராய்ந்தவர்கள் கண்டது. பழைய மரக்குழலுக்கு இப்படி ஒரு நற்சாட்சி கிடைத்தது பார்த்தீர்களா!

லயெனெக்கின் முடிவைச் சொல்லவேண்டும். 1824 டிசம்பரில், தமது வீட்டை நிர்வகித்து வந்த ஒரு விதவையை மணந்தார். பிள்ளை பாக்கியம் இல்லை. நூலின் இரண்டாம் பதிப்புக்காக இரவும் பகலும் உழைத்தார். இருமல் அதிகரித்தது, சுரம் விடவில்லை. தம்மிடமே வைத்தியம் கற்ற தம்பி முறையான உறவினர் மெரியாதெக் லயெனெக்கை அழைத்து, அந்த மரக்குழலால் தம் மார்பைக் கேட்கச் சொன்னார். கேட்ட சத்தம் எதைக் குறிக்கிறது என்பதை உலகத்தில் வேறெவரையும்விட அவரே நன்றாய் அறிந்திருந்தார். பல வருஷமாக மற்றவர் மார்பில் அவர் கேட்டு, எழுதி, பேரிட்ட அதே சத்தம். தாயையும் தம்பியையும் நண்பரையும் கொண்டுபோன காசநோய்.

1826 மே மாத முடிவில் பாரீசை விட்டுப் பிரித்தானிக்குப் புறப்பட்டார். கெர்லுவார்னெக்கின் கடற்காற்று சில நாள் தேற்றிற்று, அவ்வளவே. ஆகஸ்டு 13-ஆம் தேதி, மரிப்பதற்குச் சற்று முன், தம் விரல்களிலிருந்த மோதிரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, சற்று நேரத்தில் வேறொருவர் செய்யவேண்டிய துயரமான வேலை, அதை அவருக்கு வைக்க வேண்டாம் என்று பதில் சொன்னாராம். நாற்பத்தைந்து வயது. அருகேயுள்ள ப்ளோவாரே ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். மரண சாசனத்தில் மெரியாதெக்குக்குத் தமது காகிதங்களையும் கடிகாரத்தையும் மோதிரத்தையும் எழுதிவைத்து, எல்லாவற்றிலும் மேலான பங்கு என்று சொல்லித் தமது மரக்குழலையும் கொடுத்தார்.

1868-இல் அவர் பிறந்த கேம்பேர் நகரத்தில், கதீட்ரல் கோயிலின் முன் அவருக்குச் சிலை வைத்தார்கள். அவர் காகிதத்தைச் சுருட்டிய நெக்கெர் ஆஸ்பத்திரி இன்று பாரீசின் பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரியாயிருக்கிறது. நண்பர் கெர்கராதெக் அவருக்குப்பின் ஐம்பது வருஷத்துக்குமேல் வாழ்ந்து, தொண்ணூறு வயதளவில், 1877-இல் மரித்தார்.